பருத்தித்துறைக் கடை யாருடையது

ஐஸ்கிறீம் கொம்பனியில் வேலை செய்கிற ஒருவனுக்குப் பற்கூச்சம் இருக்கக்கூடாது. எனக்கு இருக்கிறது. புதிய சுவை ஒன்று வந்தால் கந்தோரில் எல்லாரும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நான் சுடுதண்ணீர்ப் போத்தலோடு தள்ளி நிற்பேன். நல்லகாலமாக, சுவை பார்ப்பது என் வேலை அல்ல. எந்த ஊரில் கடை திறப்பது, அதை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் என் வேலை.

இன்ஸ்பெக்டர், நீங்கள் லொறிச் சாரதி சிவகரனை முதலில் விசாரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அது சரியான முறைதான். அவன் பொய் சொல்லுகிற பிள்ளையல்ல. அவன் சொன்னதில் நான் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது ஒரு நாள் கதை மட்டும். முழுவதும் விளங்கவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஹரோல்ட். கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவன். மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பம் என்று எங்கள் வீட்டுக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை நான்தான் கொண்டுபோவேன். நிர்மலன் வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்து 'பால்நிலா' ஐஸ்கிறீம் கொம்பனியைத் தொடங்கியபோது, ஊரையும் ஆட்களையும் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று என்னைத் தேடி வந்தார். என்னைவிட வயதில் இளையவர். முதலாளியாக இருந்தும் என்னை அண்ணை என்றே கூப்பிடுவார்.

கொம்பனி இரண்டு விதமாகக் கடை வைக்கலாம். சொந்தக் கிளை என்றால் கட்டிடம், பிறீசர், சம்பளத்துக்கு நிற்கிற ஆட்கள் எல்லாம் எங்களுடையவை. லாபமும் எங்களுக்கு, நட்டமும் எங்களுக்கு. மற்றது, பெயர்ப்பலகையையும் சாமானையும் நாங்கள் கொடுக்க, முதலையும் உழைப்பையும் வேறொருவர் போடுவது. கொழும்பில் படித்தவர்கள் அதைப் பிரான்சைஸ் என்பார்கள். எங்கள் சனம் ஏஜென்சி என்றே சொல்லும். எனக்கும் அந்தச் சொல்தான் வாய்க்கு வசதி.

எதை எங்கே வைப்பது என்பதற்கு நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். என் மோட்டார் சைக்கிள் நினைத்தவுடன் போய் நிற்கக்கூடிய இடமென்றால் சொந்தக் கிளை. கொக்குவில், இணுவில் எல்லாம் அப்படி. நான் எந்த நேரமும் வந்து நிற்பேன் என்ற பயத்தில் பிள்ளைகள் ஒழுங்காக வேலை செய்வார்கள். பருத்தித்துறை போன்ற தூர இடமென்றால் ஏஜென்சி. அங்கே மின்சாரம் போனால் சம்பளத்துக்கு நிற்கிறவன் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். தன் கடை என்று நம்புகிறவர் கொட்டுகிற மழையிலும் ஓடிப்போய் ஜெனரேற்றரைப் போடுவார். அந்த நம்பிக்கையை எந்தச் சம்பளம் கொடுத்தும் வாங்க முடியாது. இன்னொன்று, புதிய ஊரில் ஐஸ்கிறீம் விலைப்படுமா என்பது எங்களுக்கே தெரியாது. தெரியாத தண்ணீரில் முதலில் மற்றவர் காலை வைத்துப் பார்க்கட்டுமே. மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. அதை அதற்குரிய இடத்தில் சொல்லுகிறேன்.

இராசமலர் தன் கணவர் நாகலிங்கத்தோடு பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாள். பருத்தித்துறைக் கடற்கரையில் சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்த குடும்பம். அவளுக்குச் சீனி வருத்தம் கடுமையாகி, சிறுநீரகமும் பலவீனம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வெயிலில் நின்று மீன் காயவைக்க இனி முடியாது. ஒரே பிள்ளை தாரிகா. அவளுக்கென்று நிலையாக ஒன்று செய்துவைக்கவேண்டும். இதெல்லாம் நாகலிங்கம் சொன்னது. இராசமலர் கேள்விதான் கேட்டாள். எவ்வளவு குளிரில் வைக்கவேணும், லொறி எத்தனை நாளைக்கு ஒருக்கால் வரும், பழுதானால் எங்கே கொட்டுவது. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. 

படகையும் இயந்திரத்தையும் விற்றுத்தான் கடையைப் போட்டார்கள். பஸ் நிலையத்துக்குக் கிட்ட நல்ல இடம் ஒன்று நான்தான் பார்த்துக் கொடுத்தேன். வாடகை உடன்படிக்கையைக் கொம்பனியின் பெயரில் எழுதுவோம், உங்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று சொன்னேன். நல்ல இடம் எப்போதும் கொம்பனியின் கைக்குள் இருக்கவேண்டும். அது தொழிலின் பாலபாடம். அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். நாகலிங்கம் கும்பிட்டே விட்டார்.

கடை திறந்த அன்று அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். என் அப்பாவின் காலத்தில் எங்கள் ஆட்கள் சாதி பார்த்து அந்தக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். நான் இரண்டாம் தரமும் சோறு போடச்சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவி பியாட்றிஸிடம் அதைச் சொன்னேன். அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து இராசமலர் எனக்குத் தங்கச்சி, நான் அவளுக்கு அண்ணை.

அவள் அந்தக் கடையை நடத்திய மாதிரி ஒருவரும் நடத்தியதில்லை. லொறி வந்தால் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மூடியைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பாள். தான் ஒரு கரண்டியும் வாயில் வைக்கமாட்டாள், வருத்தம் விடாது. சுவை பார்ப்பது தாரிகாவின் வேலை. மீன் ஏலம் முடிந்து கையில் காசோடு திரும்புகிற ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற தாய்மாருக்கு இருக்கக் கதிரை போட்டுவைத்திருந்தாள். கொஞ்சக் காலத்தில் எங்கள் கடைகளிலே பருத்தித்துறைதான் முன்னுக்கு நின்றது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்கவில்லை.

தாரிகாவுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. பேச்சுக்காலுக்கு என்னையும் கூப்பிட்டு முன்கதிரையில் இருத்தினார்கள். வீட்டோடு கடையும் பிள்ளைக்குச் சீதனம் என்று நாகலிங்கம் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் விவரமான மனுஷி. நேரே என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஐயா, கொம்பனி ஆள் நீங்கள். மறைக்காமல் சொல்லுங்கோ. உந்தக் கடை இவையின்ரை சொந்தமோ, இல்லாட்டில் கொம்பனியின்ரையோ?"

"ஓம், இவையின்ரைதான்" என்றேன்.

பெயர்ப்பலகையைச் சீதனமாக எழுத முடியாது. வாடகை இடத்தையும் எழுத முடியாது. ஏஜென்சி உடன்படிக்கை இராசமலரோடு செய்தது. பிள்ளைக்கு மாற்ற அதில் வழியே இல்லை. இது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் வீடு, காணி, வள்ளம் எல்லாம் பெண்பிள்ளைக்குப் போகும். கடையும் அப்படித்தான் போகுமென்று நினைத்துவிட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவர்களைத் தலைகுனியவைக்க எனக்கு மனம் வரவில்லை. தன் கடை என்ற நம்பிக்கையை உடைத்தால் பிறகு யார் மழையில் ஓடுவது என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மைதான். இராசமலர் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குத் தேத்தண்ணீர் தந்தாள்.

அதற்குப் பிறகுதான் நிர்மலன் என்னைக் கூப்பிட்டார். 

"பருத்தித்துறை நல்லாய்ப் போகுது அண்ணை. இனி அதை நாங்களே எடுத்து நடத்துவம்."

"உடன்படிக்கை முடிய இன்னும் காலம் கிடக்கு."

"உங்களுக்குத் தெரியாத வழியோ?" என்று சிரித்தார்.

எப்படி எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கொம்பனியும் செய்கிற வேலைதான் அது. ஊர் தெரியாதபோது ஏஜென்சி. ஊர் பழகியபின் சொந்தக் கிளை. உடன்படிக்கையை இடையில் முறிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது: சுகாதாரக் குறை.

நேரே போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். அதையும் யோசித்துத்தான் பார்த்தேன். அவள் அழுவாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, அன்றைக்கு நீர் என்ன சொன்னீர் என்று என்னைக் கேட்பார்கள். பருத்தித்துறையில் என் சொல்லுக்கு ஒரு விலை இருந்தது. நாலு பேருக்குச் சின்னதாக வயிறு குழம்பினால், கடை தானாகவே கைமாறும். மின்சாரத்தின் பிழை, வெயிலின் பிழை என்று ஆளாளுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துக் குற்றம் சொல்லத் தேவையில்லை. அதுதான் எல்லாருக்கும் மரியாதையான வழியென்று பட்டது.

பருத்தித்துறைக்குக் கிட்ட இருக்கிற வல்லிபுரக் கோயிலின் கடல் தீர்த்தத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முதல், சிவகரனின் லொறியில் குளிரூட்டி நின்றுபோனது. இணுவிலுக்குக் கொண்டுபோன சாமான் அவ்வளவும் வெயிலில் உருகிப் பாலாகிவிட்டது. திரும்பி வந்து, எங்கே கொட்டுவது என்று கேட்டான். கொட்டாதே, திரும்ப இறுகவைத்துப் பருத்தித்துறைக்குக் கொண்டுபோ என்றேன்.

"அண்ணை, உது பழுதெல்லோ?"

"நான் சோதிச்சுப் பாத்திட்டன். பிழையில்லை."

நான் சோதிக்கவில்லை. அவனுக்கும் அது விளங்கியிருக்கும். ஆனால் புதிதாகக் கலியாணம் கட்டியவன், வேலையைப் பறிகொடுக்க விரும்பவில்லை. அவனைக் கடுமையாகத் தண்டிக்கவேண்டாம்.

யாரும் அதை வாங்கித் தின்னமாட்டார்கள் என்று நினைத்தீரா என்று கேட்கிறீர்கள். இல்லை. சிலர் தின்னத்தான் வேண்டும். ஒருவரும் தின்னாவிட்டால் அது பழுதான சாமான் மட்டும். கொம்பனிதான் கணக்குச் சொல்லவேண்டும். தின்று சிலருக்கு வருத்தம் வந்தால்தான் கடைக்காரரின் குற்றம்.

தீர்த்தத்தன்று விடிந்ததும் இராசமலர் தொலைபேசியில் எடுத்தாள்.

"அண்ணை, நேற்று வந்த பெட்டியளைத் திறந்து பாத்தனான். மேலாலை பனி கட்டிக் கிடக்கு. உருகித் திரும்ப இறுகின மாதிரிக் கிடக்கு. இதை விக்கலாமோ?"

அந்தப் பெருவிரலை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கேட்பாள் என்று தெரியும். பதிலும் ஆயத்தமாக இருந்தது.

"அது புது மிஷினிலை செய்தது, தங்கச்சி. அப்பிடித்தான் இருக்கும். பயப்பிடாமல் வில்லுங்கோ."

"நீங்கள் சொன்னால் சரி அண்ணை. தீர்த்தத்துக்குச் சனம் வரும். சின்னப்பிள்ளையள் வாங்கித் தின்னுவினம். அதுதான் ஒருக்கால் கேட்டனான்."

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். வாந்தியும் வயிற்றோட்டமும். ஒருவருக்கும் உயிராபத்து வரவில்லை. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன், உண்மையாகவே முழங்காலில் நின்று சொன்னேன்.

மறுநாள் காலை கடையைப் பூட்டுவதற்கான கடிதத்தோடு போனேன். எனக்கு முதலே சனம் கூடிவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு தகப்பன், பிள்ளையின் ஆஸ்பத்திரித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நஞ்சு விற்கிறாய் என்று கத்தினார். இராசமலர் அழவில்லை. அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"என்ரை கையாலை பிள்ளையளுக்கு நஞ்சு குடுப்பனோ? உங்கடை பிள்ளையளை எனக்குப் பேர் பேராய்த் தெரியுமெல்லோ?"

சொல்லிக்கொண்டே பிறீசரைத் திறந்து ஒரு கப்பை எடுத்தாள். மூடியைக் கழற்றி மரக்கரண்டியால் அள்ளி வாயில் வைத்தாள். நாகலிங்கம் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"மலர், வேண்டாம். உனக்குச் சீனி. உன்ரை உடம்பு தாங்காது."

"விடுங்கோப்பா. இது கொம்பனிச் சாமான். பழுதெண்டால் அண்ணை சொல்லமாட்டாரோ? அந்தா நிக்கிறார், அவரைக் கேளுங்கோ."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். இப்போது அந்த மூன்றாவது காரணத்தைச் சொல்லலாம். சொந்தக் கிளையில் ஒரு கெட்ட பெயர் வந்தால் அது எல்லாக் கிளைக்கும் பரவும். ஏஜென்சியில் வந்தால் அது ஏஜென்சிக்காரரோடு நின்றுவிடும். சாமான் பழுது என்று நான் வாய் திறந்தால் அந்த இடத்திலேயே அது கொம்பனியின் குற்றமாகிவிடும். கொக்குவிலில், இணுவிலில் வேலை செய்கிற பிள்ளைகளின் சோற்றில் மண் விழும். வாய் திறக்க நேரம் இருந்தது. கரண்டியைத் தட்டிவிடுகிற தூரத்தில்தான் நின்றேன்.

நான் தலையை ஆட்டினேன். ஓம், நல்ல சாமான்தான் என்று.

அவள் அதை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்று. அவள் ஐஸ்கிறீம் தின்று நான் பார்த்தது அதுதான் முதல் தரம். சின்னப்பிள்ளை மருந்து குடிக்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கத்திய தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு, போதும் அக்கா என்றார். சம்பளத்துக்கு நிற்கிற ஒருவரும் அதைச் செய்யமாட்டார்கள். என் கணக்கு எவ்வளவு சரியானது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

அன்றிரவே அவளை வார்டில் விட்டார்கள். வைத்தியர்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். மற்றவர்களின் உடம்பு தாங்கியதை அவளுடைய சிறுநீரகம் தாங்கவில்லை. நான் பார்க்கப் போனேன். உதடு வெடித்துக் காய்ந்துபோய்க் கிடந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"அண்ணை, கடையைப் பூட்டிப்போடாதேங்கோ. தாரிகாவின்ரை காரியம் முடியுமட்டுமாவது."

"ஓம் தங்கச்சி. நீங்கள் யோசியாதேங்கோ."

அந்தக் கிழமை முடியுமுன் அவள் போய்விட்டாள். எனக்குத் துக்கம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். செத்தவீட்டில் நான் அழுத மாதிரி அவளுடைய கூடப்பிறந்தவர்கள்கூட அழவில்லை. கொம்பனியின் பெயரில் பெரிய மலர்வளையம் வைத்தேன். சுடலைவரைக்கும் நடந்தேன். இப்போதும் பருத்தித்துறைப் பஸ்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

கடையைக் கொம்பனி எடுத்துக்கொண்டது. தாரிகாவின் கலியாணத்தை முதலில் செத்தவீட்டுத் துடக்குக் கழியட்டும் என்று தள்ளிவைத்தார்கள். பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். நாகலிங்கம் வேறொருவருடைய படகில் கூலிக்குப் போகிறார். பழுதான உணவு விற்றதென்று அவர்மேல் வழக்கு நடக்கிறது. அவர் சட்டத்தரணியும் வைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் குற்றம் தன்னுடையதென்றே சொல்லுகிறாராம். ஏன் அப்படிச் சொல்லுகிறார் என்று உங்களுக்கு விளங்கவில்லை என்றீர்கள். எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு பின்னேரம் அவர் கொக்குவிலுக்கு என் வீடு தேடி வந்தார். பையில் நல்ல விளைமீன் கொண்டுவந்திருந்தார். உள்ளே வாருங்கோ என்று பியாட்றிஸ் கூப்பிட்டும் வரவில்லை. வாசல் படலையடியில் நின்றபடியே கதைத்தார்.

"அண்ணை, எல்லாத்துக்கும் நான்தான் காரணம். தீர்த்தத்துக்கு முதல்நாள் இரவு கரண்ட் போனது. பகல் முழுக்கக் கடையிலை நிண்ட அலுப்பு, கொஞ்சம் பிந்தித்தான் ஜெனரேற்றரைப் போட்டனான். அதிலைதான் எல்லாம் உருகியிருக்கு. மலருக்கு நான் அதைச் சொல்லேல்லை. பயத்திலை சொல்லேல்லை. சொல்லியிருந்தால் அவள் அதைத் திண்டிருக்கமாட்டாள். நானே அவளைக் கொண்டுபோட்டன். உங்கடை பேரையும் பழுதாக்கிப்போட்டம். எங்களை மன்னியுங்கோ அண்ணை."

அவருடைய தாடி முழுக்க நனைந்துபோயிருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படித் தேம்புவதை நான் பார்த்ததில்லை. மின்சாரம் போனது கொஞ்ச நேரந்தான். அந்த நேரத்தில் பிறீசருக்குள் ஒன்றும் உருகாது. என்னைப் போல இந்தத் தொழிலில் நின்றவனுக்கு அது தெரியும்; அவருக்குத் தெரியாது. உருகியது லொறியில். இறுகவைத்து அனுப்பியது நான். விற்கச் சொன்னது நான். அவள் தின்னும்போது பார்த்துக்கொண்டு நின்றது நான். இராசமலரைக் கொன்றது நான்தான், வேறொருவரும் இல்லை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை, மறுக்கப்போவதும் இல்லை. கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் அவர் அன்றைக்கு வந்து கேட்டது விளக்கம் அல்ல. மன்னிப்பு மட்டுந்தான் கேட்டார். நான் படலையைத் திறந்துபோய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மன்னித்துவிட்டேன் என்று மனதாரச் சொன்னேன். கொஞ்சம் ஆறுதலோடு திரும்பிப் போனார். ஒன்றை மட்டும் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்: அந்தக் குடும்பம் என்னிடம் கேட்ட எதையும் நான் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.